தோல் மண்டியும் பொருளாதாரப் பாடமும்

வேலூருக்குக் கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனவும், மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனவும் பரந்து கிடக்கும் நமது தோல் வட்டாரத்தில், பள்ளி இறுதித் தேர்வு முடிந்து கல்லூரி வாயில் திறக்கும் காலம் வந்துவிட்டால் இல்லந்தோறும் ஒரே ஆலோசனைதான். பிள்ளை என்ன பாடம் எடுப்பது? மருத்துவமும் பொறியியலும் கைக்கெட்டாதென்று தெரிந்ததும் அடுத்து நாவில் வருவது வணிகவியல். கணக்கெழுதத் தெரிந்தவனுக்குக் கம்பெனியில் ஓரிடம் உண்டு என்பது தந்தையின் கணிப்பு. அக்கணிப்பில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், “பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுக்கிறேன்” என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் வீட்டில் இரு புறமிருந்தும் எதிர்ப்பு எழுகிறது. “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்கிறார் அத்தா. “அது வட்டிக் கணக்குப் படிப்பல்லவா?” என்கிறார் பாட்டனார். ஒன்று உலகியல் கேள்வி. மற்றது மார்க்கக் கேள்வி. இரண்டுக்கும் விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வட்டாரத்தின் நூறாண்டு வரலாற்றிலேயே அவ்விடை கிடக்கிறது.

1919-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் பெரும் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. போர்க்காலத்தில் ஆங்கிலப் படையினரின் பூட்ஸுக்கு மேல்தோல் இலட்சக் கணக்கில் தேவைப்பட்டது. ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமான சென்னை மாகாணத்து மாட்டுத் தோலை, வணிகர்கள் ‘ஈ.ஐ.’ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் கிழக்கிந்தியத் தோலை, அரசாங்கமே தன் கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. போர் முடிந்ததும் அக்கொள்முதல் நின்றது. வளர்ந்துவிட்ட தொழிலைத் தாங்கிப் பிடிக்கவும், பதனிடாத தோல் பேரரசுக்கு வெளியே செல்லாமல் தடுக்கவும் கருதி, 1919-இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வீதம் வரி விதித்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே பதனிடப்படும் தோலுக்கு அவ்வரியில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்பட்டது. அதே 1919-இல்தான் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. தோல் வணிகச் சீமான்களின் கொடையால் எழுந்த அக்கல்லூரி சென்னைப் பல்கலைக் கழகத்துடன் இணைந்திருந்தது. அந்தப் பல்கலைக் கழகத்தில் அப்போது இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்திருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

இம்மூன்றும் ஒரே ஆண்டில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

வரி வந்ததும் மண்டியில் என்ன நிகழும்? பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் 15 வீதம் வரி கட்ட வேண்டும். அந்த வரியை யார் தலையில் கட்டுவான்? அந்நியன் வேறு நாட்டிலிருந்து தோல் வாங்க இயலுமானால் கூடுதல் விலை கொடுக்க மாட்டான். ஆகவே ஏற்றுமதி வியாபாரி உள்ளூரில் வாங்கும் விலையைக் குறைப்பான். அக்குறைவு தரகனைக் கடந்து, கசாப்புக்காரரைக் கடந்து, கடைசியில் செத்த மாட்டின் தோலை விற்கும் ஏழைக் குடியானவனிடமும் தோலுரிக்கும் தொழிலாளியிடமும் போய் நிற்கும். பதனிடும் முதலாளிக்கோ மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும். வரி வாங்குவது அரசு. அதைச் சுமப்பது ஒருவன். பயன் அடைவது இன்னொருவன். வரியின் சுமை யார்மேல் இறங்குகிறது என்னும் இக்கேள்வி பொருளாதாரப் பாடத்தின் அரிச்சுவடி. 1921-இல் சர் இப்ராஹீம் ரஹீமத்துல்லா தலைமையில் அமைந்த இந்திய வரிக் கொள்கைக் குழு ஏற்றுமதி வரிகளைப் பற்றி ஆராய்ந்தபோது தோல் வரியும் அதன் ஆய்வுக்குள் வந்தது. 1923-இல் வரி 5 வீதமாகக் குறைக்கப்பட்டு, பேரரசுக்கு அளித்த சலுகையும் நீக்கப்பட்டது. விலை ஏறியதும் இறங்கியதும் ஆம்பூர் மண்டியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அன்றே தெரிந்திருக்கும். ஏன் ஏறியது, யாருடைய எழுதுகோல் இறக்கியது என்பது மண்டியில் உட்கார்ந்து அறியக் கூடியதன்று.

ஸ்லேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர் படிப்பதற்காக அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1915-இல் சென்னைக்கு வந்தவர் அவர். அதற்கு முன் நம் பல்கலைக் கழகத்தில் ‘அரசியல் பொருளாதாரம்’ வரலாற்றுப் பாடத்தின் ஒரு கிளையாக, இங்கிலாந்தில் அச்சான நூல்களைக் கொண்டு, இங்கிலாந்தின் சந்தைகளையே எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஸ்லேட்டர் செய்த புதுமை மிக எளியது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவரிடம், “உன் சொந்தக் கிராமத்தைப் படித்து வா” என்றார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, என்ன உண்கிறார்கள், என்ன நெய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதச் செய்தார். அவ்வாறு திரண்டவற்றை 1918-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நமது பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி என்னும் ஊர் அந்நூலில் இடம்பெற்றது. பின்னர் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் அக்கிராமங்களுக்குத் திரும்பச் சென்று, இருபதாண்டுகளில் என்ன மாறியது என்று பார்த்து எழுதினர். பின்னும் பலர் சென்றனர். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு போன்ற ஊர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொருளாதார அறிஞர்கள் அளந்து வருகின்றனர்.

தூசிக்குப் பேராசிரியர் கிடைத்தார். ஆம்பூருக்குக் கிடைக்கவில்லை. ஸ்லேட்டர் தேடியது கிராமங்களை. நமது ஊர்களோ தொழில் ஊர்கள். 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக் கழகங்களின் அறிஞர்கள் வட ஆர்க்காட்டுக்கு வந்தார்கள். அவர்களும் புதிய நெல் விதைகளால் உழவர் வாழ்வு மாறியதா என்று ஆராயவே வந்தவர்கள். பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977-இல் வெளிவந்த அவ்வாய்வு நூலைப் பசுமைப் புரட்சி பற்றிப் பேசுவோர் இன்றளவும் எடுத்தாளுகின்றனர். கிணற்றையும் வயலையும் துல்லியமாக அளந்த அந்நூலின் அருகிலேயே, அதே பாலாற்று நீரில் சுண்ணாம்புக் குழிகளும் பட்டைத் தொட்டிகளும் நிறைந்துகொண்டிருந்தன. அவற்றை அளக்க நம் வீட்டுப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

“வணிகர்கள் அனுபவத்தாலேயே எல்லாம் அறிந்தவர்கள், படிப்பெதற்கு?” என்று கேட்பாருண்டு. அனுபவத்தின் பெருமையை யார் மறுப்பார்? மேல்விஷாரத்தில் 1863-இல் பிறந்து, தோல் வணிகத்தால் உயர்ந்து, ஈட்டியதைக் கல்விக்கும் அறத்துக்கும் வாரி வழங்கி 1938-இல் மறைந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் நம் கண்முன் நிற்கிறார். அவர் பெயரால் 1965-இல் எழுந்த கல்லூரியில் இன்றும் ஆயிரக் கணக்கானோர் பயில்கின்றனர். உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924-இல் நிறுவிய காகா முஹம்மது உமர் சாஹிபும் தோல் வணிகரே. ஆயினும் வணிகர் தம் கடை வாசலைத் தாண்டி நாட்டின் கொள்கையோடு போராட வேண்டி வந்த ஒரு தருணத்தை ஈண்டு நினைவுகூர்வோம். அப்போராட்டத்தில் முன்நின்றவர் சென்னைத் தோல் வணிகர் எம். ஜமால் முஹம்மது சாஹிப். வாணியம்பாடித் தோலும் ஆம்பூர்த் தோலும் சென்னைப் பெரியமேட்டு வழியாகவே லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறிய காலம் அது.

லண்டனில் தோல் பவுனில் விற்கும். இங்கே கூலியும் பட்டையும் ரூபாயில் கொடுக்க வேண்டும். போருக்கு முன் ரூபாய் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது விகிதம். அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 1927-இல் அரசு அதை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாக்கியது. இப்போது ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. ஆயிரம் பவுனுக்குத் தோல் விற்றவர்க்கு 15,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 13,333 ரூபாய்தான் வந்தது. தோலின் தரம் குறையவில்லை, வாங்குவோர் குறையவில்லை, வேலையாள் பிழை செய்யவில்லை. டெல்லியில் எழுதப்பட்ட ஒரே ஓர் எண், ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினோரு ரூபாயைக் கொண்டு போயிற்று. இறக்குமதி செய்வோர்க்கும், இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பும் ஆங்கில அதிகாரிகளுக்கும் இலாபம். ஏற்றுமதி செய்வோர்க்கும் உழவர்க்கும் நட்டம். இந்திய வணிகர் சம்மேளனம் இதனை எதிர்த்துக் கொடி பிடித்தது. அச்சம்மேளனத்தின் தலைமைப் பொறுப்பை 1931-இல் ஏற்றவர் ஜமால் முஹம்மது சாஹிப். அதே ஆண்டு லண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், ஜி. டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் ஆகியோருடன் இந்திய வணிகர்களின் சார்பில் அமர்ந்தவரும் அவரே. நாணய மாற்று விகிதம் பற்றி அரசாங்க நிபுணர்களுக்கு எதிரே வாதிட வேண்டிய அவை அது. திருச்சியில் 1951-இல் அவர் பெயர் தாங்கிய கல்லூரி எழுந்தது என்றால், அது செல்வத்தின் நினைவு மட்டுமன்று.

இனிப் பாட்டனாரின் கேள்விக்கு வருவோம். அரபி மதரஸாவில் கிதாபு ஓதியவன் என்ற முறையில் அக்கேள்வியை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ரிபாவைப் பற்றிய அச்சம் ஈமானின் அடையாளம். ஆனால் ரிபாவை நுணுகி நுணுகி ஆராய்ந்தவர்கள் யார்? நம் ஃபுகஹாக்களே. ஹிதாயாவில் கிதாபுல் புயூஃ என்னும் வாணிபப் பகுதியை ஓதிய மாணவனுக்கு, பொன்னுக்குப் பொன்னும் கோதுமைக்குக் கோதுமையும் மாற்றும்போது எங்கே வட்டி நுழைகிறது என்பது தெரியும். விலையை முன்னதாகக் கொடுத்துச் சரக்கைப் பின்னர்ப் பெறும் ஸலம், ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இட்டு இலாபம் பகிரும் முளாரபா ஆகியவற்றின் நிபந்தனைகளும் தெரியும். பச்சைத் தோலுக்கு மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பது எவ்வகையைச் சாரும், எந்த நிபந்தனை தவறினால் அது கூடாததாகும் என்று கேட்டு வருவோர்க்கு வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தின் ஆலிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்புச் சொல்லி வந்துள்ளனர். ஒரு நோயை அறிவது அந்நோயைத் தழுவுவதாகுமா?

ஃபிக்ஹு, ஒரு கொடுக்கல் வாங்கல் கூடுமா கூடாதா என்று சொல்லும். ஓர் ஊரில் ஏன் அனைவரும் கடன்பட்டுக் கிடக்கிறார்கள் என்பதை அது சொல்ல முற்படுவதில்லை. அதற்கென நம் முன்னோர் வேறு நூல்கள் இயற்றினர். இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான அபூ யூஸுஃப், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் கிதாபுல் கராஜை எழுதினார். உழவனின் நிலத்தில் எவ்வளவு வரி வாங்கினால் நாடு தழைக்கும் என்பது அதன் பொருள். துனிஸில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன், ஆட்சியின் தொடக்கத்தில் சிறு வரியால் பெரு வருவாயும், அதன் இறுதியில் பெரு வரியால் சிறு வருவாயும் கிட்டும் என்று தம் முகத்திமாவில் காரணத்தோடு நிறுவினார். வேலைப் பகிர்வால் ஓர் ஊரார் தம் தேவைக்கு மேலாகவும் விளைவிக்க இயலும் என்று விளக்கினார். எகிப்தில் பஞ்சம் வந்தபோது அல் மக்ரீஸீ, வெறும் செப்புக் காசு மிகுந்ததும் விலையேற்றத்துக்கு ஒரு காரணம் என எழுதினார். இவற்றுக்கெல்லாம் முன்னே, நபி யூஸுஃப் (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி மன்னனிடம் கேட்டதைக் குர்ஆன் கூறுகிறது. ஏழாண்டு விளைச்சலையும் ஏழாண்டு வறட்சியையும் கணக்கிட்டுச் சேமித்த அந்த அறிவுக்கு இன்றைய பல்கலைக் கழகம் வேறொரு பெயர் இட்டிருக்கிறது, அவ்வளவே.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். கவிஞராகவே நாம் அறிந்த அல்லாமா இக்பால் 1904-இல் வெளியிட்ட ‘இல்முல் இக்திஸாத்’ பொருளாதாரம் பற்றிய உர்து நூல். நம் நாட்டின் குடியரசுத் தலைவராக 1967 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன், பெர்லின் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வட்டியில்லா வங்கியின் அமைப்பை வகுத்தெழுதி, 1982-இல் மன்னர் ஃபைசல் விருது பெற்ற அலிகர் அறிஞர் முஹம்மது நஜாத்துல்லாஹ் ஸித்தீகீ, மேலைப் பொருளாதாரத்தைக் கற்றுத் தேர்ந்த பின்னரே அதற்கு மாற்றுக் கூற இயன்றது. 1976-இல் மக்காவில் கூடிய முதலாவது இஸ்லாமியப் பொருளாதார மாநாட்டில் ஆலிம்களும் பல்கலைக் கழகப் பேராசிரியர்களும் ஒரே அவையில் அமர்ந்தனர். ஒரு சாராரின் மொழி மறு சாராருக்கு விளங்க வேண்டிய தேவை அங்கே கண்கூடாயிற்று. வட்டியை ஒழிக்க விரும்புவோர்க்கே இப்படிப்பு முதலில் தேவை என்பது என் துணிபு.

அக்கம்பக்கத்தார் என்ன செய்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1910-இல் வேலூரில் பிறந்தவர் மால்கம் ஆதிசேசையா. அவர் தந்தையார் ஊரிசு கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மகனார் அங்கே தொடங்கி, சென்னை லயோலாவிலும் பிறகு லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, கல்கத்தாவிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பொருளாதாரம் கற்பித்தார். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். ஊர் திரும்பி 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தம் அடையாறு இல்லத்திலேயே தொடங்கினார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். வேலூர் மண்ணில் பிறந்தவர்க்கு இப்பாடம் எட்டாக் கனி என்று எவரும் சொல்ல முடியாதபடி அவர் வாழ்ந்து காட்டிவிட்டார். அவர் பிறந்த அதே ஊரில் நம்மவர் கல்விக் கூடங்களும் இருந்தன, செல்வமும் இருந்தது.

இப்பாடத்தை அறியாமையால் நாம் கொடுத்த விலை பாலாற்றில் தெரிகிறது. 1970-களின் தொடக்கம் வரை நம் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஆவாரம் பட்டையும், வாட்டில் பட்டையும், கடுக்காயும் கொண்டு பாதி பதமான தோல். 1973-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை அடுத்து, பாதிப் பதத் தோலின் ஏற்றுமதிக்கு நடுவணரசு கோட்டா விதித்தது. முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்புக என்றது. அன்னியச் செலாவணி பெருகிற்று. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிட்டிற்று. இவை யாவும் நன்மையே. ஆனால் முடித்த தோலுக்குக் குரோமும் இரசாயனங்களும் மிகுதியாக வேண்டும். அக்கழிவு நீர் எங்கே போகும், அதைத் தூய்மையாக்கும் செலவு யார் கணக்கில் ஏறும் என்ற கேள்விக்கு டெல்லி விடை சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தோலின் விலையில் உப்பு ஏறியது, குரோம் ஏறியது, கூலி ஏறியது. பக்கத்து வயற்காரனின் கிணறு மட்டும் ஏறவில்லை.

1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை எழுதியது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு அது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்தது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதையும் அது குறித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தோல் பதனிடும் சாலையும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. இழப்பீடு உரியவர்க்கு முழுமையாகச் சேரவில்லை என்று கண்டு, 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஒருவர் தம் உற்பத்தியின் செலவை விலை பேசாமலே அயலார்மேல் ஏற்றுவதைப் பொருளாதாரப் பாடம் ‘புறவிளைவு’ என்கிறது. முதலாம் ஆண்டு மாணவனுக்கே அது பாடம். ‘தீங்கிழைத்தலும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் இல்லை’ என்னும் கருத்துடைய நபிமொழியின் (ஸல்) அடிப்படையில் ஃபிக்ஹின் பெருவிதி ஒன்றே எழுந்துள்ளது. விதி நம்மிடம் இருந்தது. ஒரு தொட்டி நீரால் எத்தனை கிணறு கெடும், எத்தனை மூட்டை நெல் குறையும் என்று எண்ணிச் சொல்லும் ஆள்தான் நம்மிடம் இல்லை.

நம்மவர் கைகட்டி நின்றுவிட்டனர் என்று சொல்வதும் நீதியாகாது. போட்டி மனப்பான்மையை ஒதுக்கி, சிறு முதலாளிகள் பங்கு சேர்ந்து ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். தனித்தனியே தாங்க முடியாத செலவைக் கூட்டாகத் தாங்கிய இம்முயற்சியை உலகப் பொருளாதார அறிஞர்கள் வியந்து எழுதியுள்ளனர். லொரெய்ன் கென்னடி என்னும் ஆய்வாளர் 1999-இல் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தோல் தொழிலதிபர்களைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளிநாட்டு மாணவர் பாடமாகவே படிக்கின்றனர். நம் பெரியோர் ஒன்றுகூடிச் செய்த செயலை, பாரிஸிலிருந்து ஓர் அம்மையார் வந்து உலகுக்கு எழுதிச் சொன்னார்.

இக்கல்வி ஆண்மக்களுக்கு மட்டும் என்று கருதுவோரும் உளர். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களது கூலி வீட்டில் எதற்குச் செலவாகிறது, மகர் எவ்வளவு, நகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை ஓர் ஆண் சென்று கேட்டறிய இயலாது. அக்கேள்விகளை இல்லத்தினுள் சென்று கேட்கத் தக்கவர்கள் நம் பெண்மக்களே. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் தோன்றிய பின் பட்டப் படிப்புக்குச் சென்னையை நோக்கியிருக்கும் தேவையும் குறைந்தது. வணிகவியல் படிப்போர்க்கும் பொருளாதாரம் சார்புப் பாடமாக வந்து சேர்கிறது. தேர்வுக்கென அதனை உருப்போட்டு மறப்பதே வழக்கமாயிருக்கிறது.

மதரஸாக்களுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல்கள் மதரஸா வாசலில் குவிகின்றன. அத்தோலின் வருவாயை நம்பி மாணவர்க்குச் சோறிடும் மதரஸாக்கள் பல. சில ஆண்டுகளாக ஆட்டுத் தோல் விலை சரிந்தபோது அவற்றின் சமையற்கட்டும் சுருங்கியது. தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளில் காலணி செய்வதால் வந்த சரிவா, ஐரோப்பாவில் வாங்குவோர் குறைந்ததாலா, சுத்திகரிப்புச் செலவைக் கச்சாத் தோல் விலையில் கழித்ததாலா என்று நிர்வாகிகள் கூடிப் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அடுத்த பெருநாளின் விலையைப் பெரியமேட்டு மண்டிக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.